டாக்டரம்மா வாங்கவில்லை

காபிப் பொட்டலம் மேசையின் குறுக்கே போனது. போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

லியோன்டின் அதை மறுபடி தள்ளினார். நரம்பு டாக்டர் இலின்கா ஒற்றை விரலால் மறுபடி இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். பொட்டலத்தின் மேல் ஒரு சாக்லேட் பெட்டி, அதன் மேல் சிவப்பு ரிப்பன். மனைவி ஒலிம்பியா கட்டிக் கொடுத்தது. முதல் தடவை வேண்டாம் என்பது, இரண்டாம் தடவை "எதுக்கு இதெல்லாம்" என்பது, மூன்றாம் தடவை இழுப்பறையைத் திறப்பது என்று ப்ரயிலா ஊரில் எந்த டாக்டருக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லியோன்டின் மூன்றாம் தடவையும் தள்ளினார். இழுப்பறை திறக்கவில்லை.

"வேண்டாம் ஐயா. கையோட எடுத்துட்டுப் போங்க."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் லியோன்டினைப் பயமுறுத்தியது.

மனிதர் முப்பது வருஷம் டிராம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவரே ஒரு டிராம் போல ஆகிவிட்டிருந்தார்: நாற்காலியை விட்டு எழுந்தால் தலை ஒரு வளைவு திரும்பிவிட்டு நேராகும், இடது காலில் எறும்பு ஊரும், காதில் தூரத்து மணி போல ஏதோ அடிக்கும். குடும்ப டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார், நரம்பு டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருந்தது இதுதான்: உறுதியாகச் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை, உறுதியாக இல்லை என்று சொல்லவும் இயலவில்லை.

"அப்படின்னா இருக்கா, இல்லையா?" என்று லியோன்டின் கேட்டிருந்தார்.

"இப்போதைக்குத் தெரியலை. கொஞ்ச நாள் கவனிப்போம்" என்றார் டாக்டரம்மா. அதன் பிறகுதான் பொட்டலம் மேசைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்த லியோன்டின் பையைச் சமையலறை மேசையில் வைத்தார். ஒலிம்பியா சாக்லேட் பெட்டியைப் பார்த்தாள். ரிப்பன் கூட அவிழவில்லை.

"வாங்கலையா?"

"வாங்கலை."

"சரியாக் குடுத்தியாய்யா? கதவைச் சாத்திட்டுக் குடுத்தியா?"

"சாத்திட்டுத்தான் குடுத்தேன். மூணு தரம் தள்ளினேன்."

ஒலிம்பியா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் டாக்டர் வாங்கிக்கொண்டார் என்றால் நோயாளியை மறுபடி பார்க்கப்போகிறார் என்று பொருள். வாங்கவில்லை என்றால், சாகப்போகிற மனிதனின் கையிலிருந்து காபி வாங்கி அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று நினைக்கிறார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் தெரியாதவர்கள் கிடையாது. ஒலிம்பியாவின் சாந்து மாமாவுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர், அத்தை கொடுத்த பிளம் பிராந்திக் குப்பியை அவள் கையிலேயே திருப்பி வைத்தார். அடுத்த பிளம் பழுக்கும்போது மாமா இல்லை.

விஷயம் அன்று சாயங்காலமே கட்டட வாசல் பெஞ்சுக்கு வந்துவிட்டது. யார் கொண்டுவந்தார்கள் என்பது வேண்டாம். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர்தான். பெஞ்சின் நிரந்தரத் தலைவி ஜேட்டா, சூரியகாந்தி விதையைக் கொரித்துத் தோலைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"காபியா? அந்தம்மாவுக்கு வர்ற காபியை அடுக்கினா வீடே கட்டலாம். நீங்க குடுத்தது பத்தலை அண்ணே. அவ்வளவுதான்."

இதைக் கேட்டதும் லியோன்டினுக்குப் பாதி உயிர் திரும்பியது. கொடுத்தது சிறியது என்றால் நோயும் சிறியதாக இருக்கலாம் அல்லவா? கண்ணாடி அலமாரியில், மகள் டாச்சியானாவின் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்த கோன்யாக் பிராந்திக் குப்பி ஒன்று இருந்தது. மகள் இத்தாலியில் யாருக்கும் சொல்லாமல் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, அதே மாதிரி முறித்தும் கொண்டுவிட்டாள். குப்பி மட்டும் காத்திருந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா குப்பியைப் பார்த்தார். லியோன்டினைப் பார்த்தார். எழுந்து வந்து குப்பியை அவரே பையில் வைத்து, பையை அவர் கையில் மாட்டிவிட்டு, தோளில் தட்டினார்.

"எனக்கு எதுவும் கொண்டுவராதீங்க ஐயா. இதை நீங்களும் வீட்டம்மாவும் உக்காந்து நிம்மதியாச் சாப்பிடுங்க. ஒருத்தருக்கொருத்தர் கூட இருங்க."

லியோன்டின் படியில் இறங்கும்போது காலில் எறும்பு ஊரவில்லை. காலே இல்லாதது போல இருந்தது. நிம்மதியாச் சாப்பிடுங்கள், கூட இருங்கள். பாதிரியார் கூட இதைக் கடைசிக் கட்டத்தில்தான் சொல்லுவார்.

அதிலிருந்து தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும் தலைச்சுற்றல் இரட்டிப்பாயிற்று. சாப்பாடு இறங்கவில்லை, அதனால் கண் இருட்டியது. இப்படி ஒவ்வொன்றாகச் சேரச் சேர, டாக்டரம்மா தனக்குத் தெரிந்ததைத்தான் மறைக்கிறார் என்பது அவருக்கு மேலும் உறுதியாயிற்று.

ஒலிம்பியா மாறிப்போனாள். லியோன்டின் சமையலறையில் சிகரெட் பிடித்தால் சாம்பல் கிண்ணத்தை அவளே நகர்த்தி வைத்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தார், அவள் ஒன்றும் சொல்லவில்லை. சேற்றுச் செருப்போடு கூடத்தில் வேண்டுமென்றே நடந்து பார்த்தார். அவள் துணியை எடுத்து வந்து பேசாமல் துடைத்தாள்.

"ஒரு தடவை திட்டேன்" என்றார் லியோன்டின்.

"எதுக்குய்யா திட்டணும்? நட. உன் வீடு."

அவர் பால்கனிக்குப் போய்த் தனியாக நின்றுகொண்டார்.

மறுநாள் மூன்றாம் மாடி நேலு வந்தான். காரை நிறுத்தும் இடத்துக்காக லியோன்டினோடு பேச்சை நிறுத்தியவன். கையில் ஒரு துளை போடும் இயந்திரம். பேச்சு நிற்பதற்கும் முன்னால் இரவல் வாங்கிப்போனது. எத்தனை தடவை கேட்டும் தராதது.

"துடைச்சு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். மனசுல எதையும் வச்சுக்காதப்பா" என்றான் நேலு.

இயந்திரத்தை வாங்கிய லியோன்டின் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். உயிரோடு இருக்கப்போகிறவனுக்கு நேலு எதையும் திருப்பிக் கொடுத்ததாக எங்கள் கட்டடத்தில் சரித்திரம் இல்லை.

கீழே இறங்கினால் ஜேட்டா ரொம்பக் கனிவாக ஒரு கேள்வி கேட்டாள். "இனிப்புக் கோதுமையில உங்களுக்கு வால்நட் நிறையப் போட்டாப் பிடிக்குமா அண்ணே, இல்ல திராட்சையா?"

"வால்நட்" என்று சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் லியோன்டினுக்கு உறைத்தது. அந்தக் கோதுமையை எங்கள் ஊரில் செத்தவர் பெயரைச் சொல்லித்தான் வேகவைப்பார்கள்.

இனி பொறுப்பதற்கில்லை என்று கிராமத்துத் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு கோழி பிடித்து வந்தார். உயிருள்ள கோழி. அதை மறுக்கிற டாக்டர் இன்னும் பிறக்கவில்லை என்று தம்பி அடித்துச் சொன்னான். கோழி பைக்குள் ஆஸ்பத்திரி வரை ஒழுங்காகத்தான் வந்தது. நரம்புப் பிரிவின் நடையில், பெஞ்சு நிறைய நோயாளிகளைக் கண்டதும் அதற்கு என்ன தோன்றியதோ, பையை உதறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கைத்தடிக்காரர்கள் விலகினார்கள், நர்ஸுகள் துரத்தினார்கள். பக்கவாதத்தில் வலது கையைத் தூக்க முடியாது என்று வந்திருந்த ஒருவர் அதே கையால் கோழியின் காலைப் பிடித்தார். அவரை உடனே உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா கத்துவார் என்று லியோன்டின் எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்று கூட ஆசைப்பட்டார். டாக்டரம்மா கத்தவில்லை. லியோன்டினின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், தூக்கம் எப்படி என்று கேட்டார். கடைசியில் அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"போன தடவைக்கு இப்ப மோசமா இருக்கீங்களே. இன்னொரு ஸ்கேன் எடுத்துடுவோம். வரிசையில நிக்க வேண்டாம். நாளைக்கே எடுக்கச் சொல்றேன்."

நாளைக்கே. ஸ்கேனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஊரில், அதுவும் கோழியைக் கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு.

அன்று ஒலிம்பியா இத்தாலிக்கு ஃபோன் போட்டுவிட்டாள். டாச்சியானா தூரினில் வீடு வீடாகக் கிழவர்களைக் கவனித்துக்கொண்டு அலைந்தவள். இப்போதுதான் ஒரு மருந்தகத்தில் நிலையான வேலை கிடைத்திருந்தது. சேர்ந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, லீவு கேட்டால் வீட்டுக்குப் போய்விடு என்பார்கள்.

"போகட்டும் வேலை" என்று அவள் அழுதாள். "அப்பா, நாளைக்கு சாயங்காலம் பஸ்ல ஏறிடறேன். உண்மையைச் சொல்லு. வரணுமா, வேண்டாமா?"

"எனக்கே தெரியலைம்மா. நாளைக்கு மத்தியானம் சொல்றேன்."

மறுநாள் இரண்டாம் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். லியோன்டின் படத்தைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் ஒரு சின்னச் சீசா இருந்தது. ஒலிம்பியா போட்ட புளிப்புச் செர்ரி ஜாம். வீட்டில் வேறு கொடுக்கத் தகுந்தது மிஞ்சவில்லை.

இதிலும் உறுதியாக ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. கழுத்து எலும்பாக இருக்கலாம், காதுக்குள் இருக்கும் திரவமாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். மூன்று மாதம் கழித்து வந்து பாருங்கள்.

"டாக்டரம்மா, என்ன நோய்னு நான் கேக்கலை" என்றார் லியோன்டின். "என் பொண்ணு இப்பத்தான் ஒரு வேலையில உக்காந்திருக்கா. நான் ஒரு வார்த்தை சொன்னா அதை விட்டுட்டு இன்னைக்கே பஸ் ஏறிடுவா. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். இதை மட்டும் வாங்கிக்கோங்க."

சீசாவை மேசையில் வைத்தார். தள்ளவில்லை, தள்ளத் தெம்பில்லை.

டாக்டரம்மா சீசாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, எழுந்து வந்து சீசாவை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல போட்டதா?"

"வீட்டுலதான். கொட்டை எடுத்து, ஒவ்வொரு பழமா."

"ரொம்ப நன்றி ஐயா" என்று சொல்லி இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார்.

லியோன்டின் அந்தக் கையை முத்தமிட்டார். நடையில் இறங்கியவருக்குத் தலை சுற்றவில்லை, எறும்பு ஊரவில்லை, காதில் மணி அடிக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியிலேயே இறங்கினார். மேல்கோட்டுகளை வாங்கி வைக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று மகளுக்கு ஃபோன் போட்டார்.

"டிக்கெட் போடாதம்மா. வாங்கிட்டாங்க."

"யாரு, டாக்டரா? நிஜமாவா?"

"என் கண்ணு முன்னாடி. இழுப்பறையில வச்சாங்க."

இத்தாலியில் எத்தனை வருஷம் இருந்தாலும் டாச்சியானா எங்கள் ஊர்ப் பெண்தான். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. விட்டு விட்டு அழுதாள், சிரித்தாள், சாயங்காலம் வேலைக்குப் போகிறேன் என்றாள். லியோன்டின் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கோட்டு வாங்கக் கூண்டுக்கு வந்தார். வீட்டுக்குப் போனதும் முதலில் சேற்றுச் செருப்போடு கூடத்தைக் கடப்பது என்றும், ஒலிம்பியா போடுகிற கூச்சலை நின்று முழுதாகக் கேட்பது என்றும் முடிவு செய்திருந்தார்.

கூண்டுக்காரப் பெண்மணி கோட்டைக் கொண்டுவந்து அவர் தோளில் தானே மாட்டிவிட்டாள். ஒரு பொத்தானையும் போட்டுவிட்டாள். கோழி கொண்டுவந்தவரை அவளுக்கு ஞாபகம் இருந்தது, ஃபோனில் பேசியதும் காதில் விழுந்திருந்தது.

"இலின்கா டாக்டரா வாங்கிக்கிட்டாங்க?" என்றாள். "இத்தனை வருஷத்துல அவங்க யார்கிட்டயும் வாங்கி நான் பார்த்ததில்லை ஐயா. ஒரே ஒருத்தர் குடுத்ததை மட்டும், மனசு நோகக் கூடாதுன்னு வாங்கிக்கிட்டாங்க. பாவம், நல்ல மனுஷனா இருந்தாரு."