ஒரு தாள்கூடக் குறையவில்லை, அக்கா

லூப்லின்,
நவம்பர் கடைசி ஞாயிறு

பேரன்பிற்குரிய அக்கா ஹாலினாவுக்கு,

தம்பி ஜெனோன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி டானுட்டாவும் சுகம். என் முழங்கால் மட்டும் வானிலை அறிக்கைக்கு முன்னால் மழையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சோப்போட்டில் உன் ரத்த அழுத்தமும் அத்தானின் முதுகும் அடங்கி நடந்துகொள்ள வேண்டும் என்று மாதாவை வேண்டுகிறேன்.

நிற்க. அம்மா நம் இருவருக்கும் விட்டுப்போன வீட்டைப் பற்றி நீ போனில் கத்தியது இன்னும் என் வலது காதில் இருக்கிறது. "எல்லாப் பேப்பரும் ஒழுங்கா வாங்கி ஒருத்தரைக் குடி வைக்க முடிஞ்சா வைடா. ஒண்ணு குறைஞ்சாலும் புது வருஷத்துல வித்துடுவேன்" என்றாய். அக்கா, ஒரு தாள்கூடக் குறையவில்லை. வீடு நம்மிடமே இருக்கும். இதை எழுதும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டதால் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு எழுதுகிறேன். போன தடவை வால்டெக் என்பவனைக் குடி வைத்தது நீ. கண்ணைப் பார்த்தால் நல்லவனாகத் தெரிகிறான் என்று கைகுலுக்கிச் சாவியைக் கொடுத்தாய். அவன் வாடகை தராமல் இருந்ததோடு, போகும்போது உள்கதவுகளையும் கழற்றிக்கொண்டு போனான். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் குத்திக்காட்டத்தான் சொல்கிறேன். நான் ஆயுள் முழுக்க லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன். என் கையெழுத்து இல்லாமல் இந்த ஊரில் ஒரு லிஃப்டும் ஏறி இறங்கியதில்லை. கண்ணைப் பார்த்து நான் எதையும் நம்பியதில்லை, கம்பியைப் பார்த்துத்தான்.

முதலில் குடிவர விரும்புகிறவர்களுக்கு நானே ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். வேலை, சம்பளம், வளர்ப்புப் பிராணி, வாசிக்கும் வாத்தியம், முட்டைக்கோஸ் வேகவைக்கும் கிழமை எல்லாம் கேட்டிருந்தேன். வந்தவர்கள் அதைப் படித்ததும் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டார்கள். யாகோடா என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவள், அவள் மட்டும் நின்று நிதானமாக எல்லாவற்றையும் நிரப்பினாள். முட்டைக்கோஸ் என்ற இடத்தில் "பசிக்கும்போது" என்று எழுதியிருந்தாள். அடுத்து, வீடு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அறை அறையாக எழுதும் ஒப்படைப்புத் தாள். டானுட்டா டார்ச் பிடிக்க, யாகோடா கூடவே வர, நான் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டே வந்தேன். குளியல் தொட்டியில், அப்பா கிறிஸ்துமஸ் விருந்துக்கு உயிரோடு வாங்கிவந்து நீந்தவிட்ட கெண்டை மீன் துள்ளியதில் விழுந்த கீறல் உனக்கு நினைவிருக்கும். "கீறல் ஒன்று, கெண்டையால்" என்று எழுதினேன். யாகோடா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டுவிட்டாள்.

"ஐயா, ரெண்டு கீறல் இருக்கு."

"ரெண்டாவது நிழல்மா."

"நிழல்னா விரல்ல தட்டுப்படாதே ஐயா. தடவிப் பாருங்க."

தடவினேன், தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. கழுவுதொட்டிக்குக் கீழே ஒழுகல், அடுப்புக்குப் பின்னால் நசுங்கல், சன்னலில் நீ சின்ன வயதில் ஆணியால் எழுதிய ஒரு பையனின் பெயர் (அதையும் எழுதிக்கொண்டோம், அத்தானுக்குச் சொல்ல மாட்டேன்), எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. பால்கனித் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று பேரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினோம். "தாழ்ப்பாள் மிக நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதினேன், பால்கனியில் நின்றபடியேதான் எழுதினேன், ஏனென்றால் உள்ளே போக வழியில்லை. கீழ்வீட்டு ஸ்டானிஸ்லாவா அம்மா மாற்றுச்சாவியோடு வந்து "இந்தக் குளிர்ல மூணு பேரும் அங்க என்ன பண்றீங்க, ஜபம் பண்றீங்களா?" என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. என் படிவத்துக்குத் தகுதியான ஆளை ஆயுளில் முதல் தடவையாகப் பார்த்துவிட்ட பூரிப்பில் இருந்தேன்.

கடைசித் தாளில்தான் சிக்கல் வந்தது. நம் சட்டம் உனக்குத் தெரியும். குடியிருப்பவரை வெளியேற்ற நேர்ந்தால் அவரைத் தெருவில் விட முடியாது. அதனால் அவர் போய்த் தங்க இன்னொரு வீட்டு முகவரியை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அந்த வீட்டுக்காரரும் "வந்தால் ஏற்றுக்கொள்கிறேன்" என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும். யாகோடாவிடம் கேட்டேன்.

"போறதுக்கு அப்படி ஒரு வீடு இருந்தா, நான் ஏங்கய்யா உங்ககிட்ட வாடகைக்கு வர்றேன்?" என்றாள்.

சொந்தக்காரர் யாரும் இல்லையாம். கன்னியர் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்தவள், அந்த இல்லமும் இப்போது ஓட்டலாகிவிட்டதாம். கடை முதலாளியே வாடகை வீட்டில்தான் இருக்கிறார். உன் குரல் காதில் கேட்டது. "தாள் இல்லாம சாவி இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் நிரப்பிய தாள்களையெல்லாம் வரிசையாக அடுக்கி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு மனசே சரியில்லை, அக்கா. டானுட்டா அன்று கோபத்தில் எனக்கு சூப்பை ஆறவைத்துத்தான் கொடுத்தாள்.

பிறகு புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. அவர்களிடம் முகவரித் தாள் தயாராக இருந்தது, ராடோம் ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்திட்டிருந்தார். மறுநாள் ஒரு மாணவன் வந்தான். அவனிடமும் அதே ராடோம்காரர், அதே கையெழுத்து. அந்த ஆளுக்கே போன் போட்டேன்.

"எத்தனை பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"எண்ணலையே சார். உங்களுக்கும் ஒண்ணு வேணுமா? பெரியவருக்குக் குறைச்சுத் தர்றேன்."

"அத்தனை பேரும் ஒரே நாள்ல வந்து நின்னா எங்கய்யா படுப்பாங்க?"

"யாரு வரப்போறா? சும்மா பேப்பருக்குத்தானே சார்!"

பேப்பருக்குத்தானே! அக்கா, எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. லிஃப்டில் ஆறு பேர் ஏறலாம் என்று நான் கையெழுத்திட்டால், ஆறு பேர் ஏறுவார்கள், ஆறு பேரும் உயிரோடு இறங்குவார்கள். பேப்பருக்காக நான் எதிலும் கையெழுத்திட்டதில்லை. தம்பதியையும் மாணவனையும் மரியாதையாக அனுப்பிவிட்டேன்.

நல்லவேளையாக யாகோடாவுக்கு ஓர் உண்மையான முகவரி கிடைத்துவிட்டது. சொந்த வீடு, மரியாதையான குடும்பம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், சொன்ன சொல் மாறாதவர், பார்ப்பதற்கும் கம்பீரமானவர். நோட்டரி அம்மா முன்னால் கை நடுங்காமல் கையெழுத்திட்டார். வரி அலுவலகத்துக்கும் தகவல் கொடுத்தாயிற்று. அங்கிருந்த பெண் என் கோப்பைப் பார்த்துவிட்டுத் தன் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினாள். யாகோடா குடிவந்து, நன்றியாகக் கசகசா கேக் கொடுத்தனுப்பினாள். ஆகவே வீட்டை விற்கும் பேச்சை இத்தோடு விட்டுவிடு. அம்மா இருந்திருந்தால் என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பாள், உன்னைப் பார்த்துக் கதவு எங்கே என்று கேட்டிருப்பாள்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். உங்கள் இருவருக்கும் மாதா நல்ல சுகத்தையும், சண்டையில்லாத குளிர்காலத்தையும் தரட்டும்.

உன் அன்புத் தம்பி,
ஜெனோன்

பி.கு.: டானுட்டா இதைப் படித்துவிட்டு உறையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, அந்தக் கம்பீரமானவர் யாருன்னு எழுதுங்க. அப்புறம்தான் எந்திரிப்பேன்" என்கிறாள். நான்தான், அக்கா. நோட்டரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்களே இவங்களை வெளியேத்தினா, நீங்களே உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா எழுதித் தர்றீங்க. புரிஞ்சுதான் போடுறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். புரிந்துதான் போட்டேன். யாகோடா பேனாவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள், டானுட்டா திரும்பும் பஸ் முழுக்க என் கையை விடவில்லை. ஆகவே நீ அந்த வீட்டை விற்றால் அவள் எங்களோடுதான் இருப்பாள், அதற்கும் தாள் இருக்கிறது. இது பேப்பருக்காகப் போட்ட கையெழுத்து இல்லை என்பதால் எங்கள் சின்ன அறையை எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. டானுட்டா திரைகூடத் தைத்துவிட்டாள். நீ கிறிஸ்துமஸுக்கு வந்தால் படுக்கும் அறை அதுதான் என்பது நேற்றுத்தான் நினைவுக்கு வந்தது. யாகோடாவிடம் சொன்னேன். "அதுக்கென்ன ஐயா, அக்கா இங்க வந்து தங்கட்டும்" என்றாள். அம்மா வீட்டிலேயே தங்கலாம், அக்கா! ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள், சிரிக்காமல்தான் சொன்னாள். உன்னை வெளியேற்ற நேர்ந்தால் நீ போய்த் தங்க ஒரு முகவரி வேண்டுமாம். என் வீட்டைப் போட முடியாது, அந்த அறை அவளுக்கு. ஆகவே சண்டை எதுவும் போடாமல், உன்னைத் திரும்ப ஏற்றுக்கொள்வதாக அத்தானிடம் நோட்டரி முன்னால் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வா.