பூட் ஆகுமுன் ஒரு பூட்டு

ஷார்ஜாவில் கிடங்குக் கணக்குப் பார்த்தது போதும் என்று பாபநாசத்துக்கே திரும்பி வந்த யூனுஸ், வந்த வாரமே ஒரு சபதம் எடுத்தார். இந்த வீட்டுக்குத் தலைவன் யார் என்று இனி எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

காரணம் இருந்தது. அவர் முன்பு அனுப்பிவைத்த கம்ப்யூட்டர் வாசலறையில் இருந்தது. கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்த அவர் மனைவி ஹஃப்ஸா, அதை வைத்துத் தெருப் பெண்களுக்கு வகுப்பு நடத்திவந்தாள். தபால்காரருக்கே அது 'ஹஃப்ஸா டீச்சர் வீடு'தான். ஒரு பெண் யூனுஸைப் பார்த்து, யாரைப் பார்க்க வந்தீங்க என்று கேட்டாள். அப்போது அவர் லுங்கியோடு நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

வகுப்பை நிறுத்தச் சொன்னார். நீங்கள் இல்லாத வருஷங்களில் எனக்கென்று நானே உண்டாக்கிக்கொண்டது இது ஒன்றுதான் என்றாள் ஹஃப்ஸா. சண்டை போடவில்லை. வகுப்பையும் நிறுத்தவில்லை.

யூனுஸுக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றே ஒன்று தெரியும். ஷார்ஜாவில் கூடத் தங்கியிருந்த மலையாளி சொல்லிக்கொடுத்தது. மெஷினைப் போட்டதும் டெலீட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் நீலமாக ஒரு திரை வரும். தேதி, நேரம் எல்லாம் அங்கேதான் வைப்பார்கள். அங்கே ஒரு பாஸ்வேர்டு போட்டுவிட்டால், அதை அடிக்காமல் மெஷின் மேற்கொண்டு அசையாது. அந்தத் திரைக்கு 'செட்டப்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறு அர்த்தம் இருந்ததால் யூனுஸ் அதை வெளியே சொல்வதில்லை.

மெஷின் பூட் ஆகும் முன்பே பூட்டுப் போட்டார். பெண்கள் வந்தார்கள், திரையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஹஃப்ஸா ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் அவருக்கு என்னவோ போல் இருந்தது.

ஒரு மத்தியானம். தெருவே சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தது. ஹஃப்ஸா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். குடமுருட்டி ஆற்றுப் பக்கமிருந்து காற்றுகூட இல்லை. ஆளில்லாத வாசலறையில் 'பீப்' என்று ஒரு சத்தம்.

யூனுஸ் எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே விசிறி மெல்ல இரைந்தது. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. அணைத்து, மறுபடி போட்டு, நீலத் திரைக்குப் போனார். அவர் போட்ட பூட்டு அங்கே இல்லை. தேதி ஜனவரி ஒன்று, 1980 என்று இருந்தது.

அந்த வருஷம்தான் அவருடைய அத்தா மவுத்தாகி அடக்கமானார்.

தேதியைத் திருத்தி, பாஸ்வேர்டை மாற்றினார். மறுநாள் மத்தியானமும் அது தானாக எழுந்தது. மறுபடி 1980. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அஸர் தொழப் போனார். திரும்பி வந்தபோது பிளக் சொருகியிருந்தது.

ஹஃப்ஸாவிடம் கேட்டார். "நீங்கதானே பூட்டி வச்சிருக்கீங்க, மச்சான். என்னைக் கேட்டா?" என்று அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

யூனுஸுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு ஓதிப் பார்க்கலாம் என்றார். ஹஃப்ஸா நிதானமாக யோசித்தாள். கூப்பிட்டால், ஷார்ஜாவிலிருந்து வந்த மனுஷன் கம்ப்யூட்டரைக் கண்டு பயந்துவிட்டார் என்று அய்யம்பேட்டை வரைக்கும் தெரிந்துவிடும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"புள்ளைங்க வந்துகிட்டிருந்தவரைக்கும் இப்படி ஆனதில்ல. ஆளில்லாத ரூமுல எது வேணாலும் வந்து உக்காரும்."

மறுநாள் காலை யூனுஸே வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டார். ஜாஃபர் சாதிக் வீட்டில் மட்டும், மகள் ஆசியாவை அனுப்பத் தயங்கினார்கள். யூனுஸ் அங்கே உட்கார்ந்து, பெண் கல்வியின் அவசியத்தைப் பற்றி நெடுநேரம் பேசி, அவளைக் கையோடு கூட்டிவந்தார்.

வகுப்பு தொடங்கியது. இரண்டு நாள் மெஷின் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள், எதற்கோ வாசலறைத் திரைச்சீலையருகே போனவர் காதில் ஹஃப்ஸாவின் குரல் விழுந்தது. உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, அதைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்டு போய்விடும், தேதியும் 1980க்குப் போய்விடும் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதே செட்டப்பில் அலாரம் ஒன்று உண்டு, நேரம் குறித்துவிட்டால் மெஷின் தானே எழுந்துகொள்ளும் என்றும் சொன்னாள்.

யூனுஸுக்கு முதலில் உயிர் வந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. வகுப்பு முடிந்ததும் உள்ளே போய் நின்றார்.

"எல்லாம் உன் வேலைதானா?"

"ஆமா, மச்சான்."

"நான் தொழப் போன நேரத்துல பிளக்கைச் சொருகினது?"

"நான்தான்."

"இன்னிக்கு விடியுமுன்ன சுபுஹுக்கு நான் எந்திரிச்சப்பவும் ஓடிக்கிட்டிருந்துச்சே, அதுவும் நீதானே?"

ஹஃப்ஸா கைவேலையை நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள்.

"நான் மத்தியானத்துக்கு மட்டும்தானே வச்சேன்," என்றாள் மெதுவாக. "அதையும் வகுப்பு ஆரம்பிச்ச அன்னிக்கே எடுத்துட்டேனே."

யூனுஸ் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பஜாருக்குப் போனார். 'ஹஃப்ஸா கம்ப்யூட்டர் சென்டர்' என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு எழுதச் சொன்னார். வகுப்பு இனி மாலையில் மட்டுமில்லை, விடிகாலையிலும் உண்டு என்று தெருவெல்லாம் அவரே சொல்லிவிட்டு வந்தார்.

ஹஃப்ஸா அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். விடிகாலை வகுப்புக்கு அனுமதி கேட்டு யூனுஸிடம் எப்படிப் பேசுவது என்றுதான் அவள் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தாள்.