வெங்கடபதியின் எடை எழுபத்தெட்டு

போன புரட்டாசி மூணாவது சனிக்கிழமை, பெருமாள் கோயில் வரிசையில் நிற்கும்போது பங்காரம்மா எனக்குச் சொன்னதுங்க இது. அவங்க தம்பி வெங்கடபதியின் கதை.

சிங்காநல்லூரில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கும் வெங்கடபதிக்குச் சந்தேகம் சர்க்கரை வியாதி மாதிரி. ஏறும், இறங்கும், போகாது. பால்காரர், பேப்பர்காரர் எல்லாம் முடிந்து, இப்போது அது மனைவி ரங்கநாயகி மேல் ஏறி உட்கார்ந்தது.

சனிக்கிழமை தவறாமல் விடியற்காலையில் கிளம்புகிறாள். கேட்டால் கோயிலாம். தலையில் பூ இல்லை. திரும்பி வந்தால் முந்தானையில் பெட்ரோல் வாசம்.

"ஏனம்மணி, எந்தக் கோயிலு?"

"சூலூர் தாண்டிங்க."

"பிரசாதம்?"

"அங்க குடுக்க மாட்டாங்க."

"பிரசாதம் குடுக்காத கோயிலா! சாமி யாரு?"

"மேல இருக்கறவருங்க."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் ஹைதராபாத்தில். இனி இந்த மனுஷன் எதுக்கென்று தனியாக வீடு பார்க்கிறாளோ?

இப்படியே மாசக்கணக்கில் ஓடி, ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசை மேல் ஒரு முகவரிச் சீட்டு கிடந்தது. மறந்து வைத்துவிட்டாள்! ஆட்டோ பிடித்தார்.

போய் இறங்கினால் பொட்டல் காடு. ஒரு தகரக் கொட்டகை. பொம்மை மாதிரி இரண்டு பேர் உட்காரும் விமானம். பக்கத்தில் பேன்ட் சட்டையில் ரங்கநாயகி. பயிற்சி கொடுக்கும் பெண் ஹுமேரா ஓடி வந்தாள்.

"வாங்க சார்! எழுபத்தெட்டு கிலோதானுங்களே? ஏறறவங்க எடை தெரிஞ்சாத்தானுங்க விமானத்தைக் கிளப்ப முடியும். அம்மா முன்னயே எழுதிக் குடுத்துட்டாங்க."

வெங்கடபதிக்கு உறைத்தது. போன மாசம் வெல்லத் துலாபாரம் நேர்ந்திருக்கேன் என்று தராசில் தூக்கி உட்கார வைத்தாளே! கல்யாணத்துக்கு முந்தியே விமானம் ஓட்டினவள். மூத்தவன் பிறந்ததும், "பிள்ளையை யார் பாக்கறது?" என்று லைசென்ஸை பீரோவில் வைக்கச் சொன்னவர் இவரேதான். முப்பது வருஷம் கழித்து மறுபடி படித்து, பரீட்சை எழுதி, டாக்டர் சோதனையும் தாண்டி வாங்கிவிட்டாள்.

"அம்மணி, பொருட்காட்சி ராட்டினத்துக்கே நான் கீழ நின்னு செருப்புக்குக் காவல் இருக்கறவன்!"

"தெரியுமுங்க. கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

"செத்தாலும் வர மாட்டேன்!"

"அதுதானுங்க. சந்தேகம்னா எங்க வேணா வருவீங்க. அதனால பூ வைக்காம, சீட்டை மேசை மேல போட்டு, கொஞ்சங் கொஞ்சமா சந்தேகப்பட வெச்சேன்." அவரை விமானத்தில் ஏற்றி உட்கார வைத்து, பெல்ட்டை இறுக்கி மாட்டினாள். "மொத ஆளா உங்களைத்தான் ஏத்தோணும்னு ஆசைங்க."

விமானம் மேலே போனது. அவர் உசுரு கீழேயே நின்றுகொண்டது. கோவிந்தா, கோவிந்தா.

"கண்ணைத் தொறங்க. அதா, தூரத்துல நம்ம சிங்காநல்லூரு."

ஒரு கண் திறந்தது. "பட்டறையில ஆளுங்க வேலை செய்யறாங்களா, டீக்கடையில நிக்கறாங்களா, பாரு!"

அடுத்த சனிக்கிழமை ரங்கநாயகி அவரைக் கூப்பிடவே இல்லை. அவளுக்கு முந்தி அவர்தான் கிளம்பி வாசலில் நின்றாராம். தான் போகாவிட்டால் விமானத்தில் அவள் பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள் என்று சந்தேகம்.

கோயிலுக்குப் போனீங்கன்னா, அவர் பேருக்கும் ஒரு அர்ச்சனை சொல்லிப்போடுங்க.