அறுவைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

“எத்தனாம் நம்பர் நூல், சிஸ்டர்?” என்று கேட்டார் தையல்காரர்.

நர்ஸ் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தாள். மறுநாள் காலை சிசேரியன். நிறைவயிற்றோடு நாற்காலியில் சாய்ந்திருந்த அவர் மனைவிக்கு, பிறகு வரப்போகும் வலியை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். வலி ஏறும்வரை காத்திருக்காமல் மாத்திரையை நேரத்துக்குப் போட வேண்டும். படுக்கையிலிருந்து விருட்டென்று எழக் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. இத்தனைக்கும் தையல்காரர் சுவரில் ஓடிய பல்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ‘தையல்’ என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் ஆளுக்கு உயிர் வந்தது.

“அது தானா கரைஞ்சுடற நூல் சார்.”

“கரையற நூலா? அதுல நான் சட்டை தைச்சா என் கடையே கரைஞ்சுடும்!”

சொல்லிவிட்டு முதல் ஆளாகத் தானே சிரித்தார். மனைவியும் சிரித்தாள். கடைக்கு வருகிறவர்களும் அவர் ஜோக்குக்குத் தவறாமல் சிரிப்பார்கள். பாவம், அவர்கள் துணி அவரிடம் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறது!

“இருமல், தும்மல், சிரிப்பு வந்தா வயித்துல ஒரு தலையணையை அணைச்சுப் பிடிச்சுக்கங்கம்மா. இல்லேன்னா சுரீர்னு வலிக்கும்,” என்றாள் நர்ஸ்.

தையல்காரர் முகம் தொங்கிவிட்டது. “சிரிச்சாலுமா?”

“சிரிச்சா இன்னும் அதிகமாவே.”

அவர் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஜீவனைச் சிரிக்கவைத்தே பழக்கிவிட்டார். ‘துணி கொடுத்தவங்க துணிஞ்சு காத்திருக்கணும்’ என்பதை மட்டும் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தாளே, மகராசி. அந்தத் திறமையே இப்போது அவளுக்கு எமனாக வந்து நிற்கிறதே!

“சிஸ்டர், என் வாயால இவளுக்கு ஒரு கெடுதலும் வராது. இந்த நிமிஷத்தோட ஜோக் சொல்றத நிறுத்திட்டேன்!”

மனைவி கூரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிரசவம் நல்லபடியாக ஆகவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார் தையல்காரர்.

நல்லபடியாகத்தான் ஆயிற்று. பெண் குழந்தை. தாயும் மகளும் வீட்டுக்கு வந்தபோது, தையல்காரர் தயாரித்த தலையணை வாசலிலேயே காத்திருந்தது. கடையில் விற்கிற தலையணையெல்லாம் அவருக்கு ஆகுமா? பேண்டு வாத்தியக்காரர்களின் சீருடைக்கு வந்த சிவப்பு வெல்வெட்டில் மிச்சம் பிடித்து, ஓரத்தில் தங்கச் சரிகைக் குஞ்சம் வைத்து, கையால் பிடிக்கவேண்டிய சிரமம்கூட வேண்டாமென்று முதுகில் முடிச்சுப்போட நாலு நாடாவும் வைத்துத் தைத்திருந்தார்.

கட்டிவிட்டார். மனைவி குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, இத்தனை மாசம் சுமந்து இப்பதான் இறக்கி வச்சேன். மறுபடியும் மாட்டிவிட்டுட்டீங்களே!”

“குஞ்சத்தோட வேற மாட்டியிருக்காரு,” என்றாள் மகளுக்குத் துணையாக வந்திருந்த மாமியார். அவ்வளவுதான். மாமியாரும் மனைவியும் சேர்ந்து சிரிக்க, மனைவி மட்டும் “அம்மா!” என்று அலறிச் சுருண்டாள். கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

அந்தக் கண்ணீர் தையல்காரரின் நெஞ்சை அறுத்தது. தலையணைமீது தப்பு இருக்க முடியாது, அது அவர் தைத்தது. ஆகவே தப்பு, சிரிக்கிற ஜனங்கள்மீதுதான். ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினார்: ‘உள்ளே சிரிக்காதீர். சிரித்தால் தையல் பிரியும்.’

குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, வாசலில் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“ஓகோ, விஷயம் இதுதானா! போன வாரம் நீங்க தைச்ச பேன்ட் எங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல, அத்தனை பேர் முன்னால பிரிஞ்சுடுச்சு தம்பி. ஆனா ஒண்ணு, அவர் சிரிக்கலயே?”

“மெதுவாப் பேசுங்கக்கா!”

“மத்தவங்கதான் சிரிச்சாங்க.”

உள்ளேயிருந்து முதலில் ஒரு சிரிப்பு, தொடர்ந்து “ஐயோ வலிக்குதே!” என்ற கதறல். தையல்காரர் அட்டையைக் கழற்றி எறிந்தார். அக்காவையும் கழற்றிவிட்டார்.

சிரிப்பைத் தடுத்தால் போதாது, சோகத்தை ஊட்டவேண்டும் என்று முடிவு கட்டினார். துக்கம் விசாரிக்க வந்தவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். வெளியே யாரிடமும் சொல்லாத தன் வாழ்க்கையின் பெரிய சோகத்தை எடுத்துச் சொன்னார்.

“முதமுதலா ஒரு வக்கீலுக்குக் கோட்டு தைச்சேன். அவசரத்துல ரெண்டு கையையும் ஒண்ணாச் சேர்த்து இழுத்துத் தைச்சுட்டேன் போல. கோர்ட்டுல அவர் ஆட்சேபணை சொல்ல ஒரு கையைத் தூக்கினா ரெண்டு கையும் தூக்கிக்கிச்சு. சரண் அடையறார்னு நினைச்சு…” தையல்காரர் மூக்கை உறிஞ்சினார். “கேஸையே முடிச்சுட்டாங்கம்மா.”

உண்மையாகவே அழுதார். மாமியார் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். மனைவி வெல்வெட் குஞ்சத்தைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். கட்டில் குலுங்கியது. அவளும் அழுகிறாள் என்று அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. தையல்காரர் அதை ஏந்திக்கொண்டு, “அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. நீயாவது பொறுப்பா நடந்துக்கணும், என்ன?” என்றார்.

குழந்தை பதிலுக்கு, அத்தனூண்டு உடம்பிலிருந்து வரவே முடியாத சத்தத்தில் காற்று விட்டது.

“அப்பாகிட்ட மரியாதையாப் பேசணும்,” என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

“போதுங்க! கையெடுத்துக் கும்பிடறேன், செத்துடுவேன் போலிருக்கு!” மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விலுக் விலுக்கென்று துடித்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். தையல் பிரிந்தேவிட்டது என்றே நினைத்தார் தையல்காரர். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, அளவு நாடா கழுத்தில் தொங்க, மனைவியை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் வாயே திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் இன்னும் இரண்டு தரம் துடித்தாள்.

அதே நர்ஸ்தான் உள்ளே அழைத்துப் போனாள். தையல்காரர் வெளியே நடந்தார், உட்கார்ந்தார், அளவு நாடாவை விரலில் இறுக்கியதில் விரலே நீலம் பாரித்துவிட்டது. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? கத்தரி பிடிக்கிற கைக்கு இனி என்ன வேலை?

கதவு திறந்தது. நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

“பிரிஞ்சுடுச்சா சிஸ்டர்?”

“ஒண்ணும் ஆகல சார். காயம் நல்லாத்தான் ஆறிட்டு வருது. சிரிச்சுச் சிரிச்சுத்தான் வலி.”

“நான்தான் ஜோக்கே சொல்லலையே! இன்னும் என்ன பண்ணணும், சொல்லுங்க. ஊமையா இருக்கேன். கடையிலேயே படுத்துக்கறேன். அவளுக்கு வலிக்கக் கூடாது சிஸ்டர், அவ்வளவுதான்.”

நர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

“உங்க பழைய ஜோக்கையெல்லாம் இன்னைக்கே திரும்ப ஆரம்பிச்சுடச் சொல்றாங்க சார் உங்க மனைவி, அதைக் கேட்டா மட்டும்தான் அவங்களுக்குச் சிரிப்பே வராதாம்.”