திரும்பப் பெறும் பொத்தான்

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கே ஆபீசுக்கு வந்து, கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், அவள் அந்தப் பொத்தானை அமுக்கினாள். 'விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு' என்ற பொத்தான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கினாள். கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு வேகத்தில் ஐ.டி. ஹெட் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். அந்த வேகம் சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே இறங்கிவிட்டது. அப்போதிருந்து வீட்டிலிருந்தும் அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்த்தாயிற்று. நாளை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. பட்டியலில் மொத்தம் பன்னிரண்டு பேர். மற்ற பதினொரு பேரும் வேறு வேறு கிளைகளில் இருப்பவர்கள், பெயருக்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி பட்டங்களைக் கோத்து வைத்திருப்பவர்கள். இவளோ இந்தப் பார்சல் கம்பெனிக்கு டைப் அடிக்க வந்தவள். பக்கத்து சீட்டில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் எட்டிப் பார்த்து, எட்டிப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டாள். கோளாறு என்று யார் கம்ப்யூட்டரில் புகார் பதிந்தாலும், அதாவது 'டிக்கெட்' போட்டாலும், வந்து நிற்பாள். அதனால் ஆபீசுக்கே அவள் டிக்கெட்டம்மா.

காலையில் வீட்டுக்காரர் கேட்டிருந்தார்.

"பதினெட்டு வருஷமா அந்த ஆபீச இழுத்துக் கட்டிட்டிருக்கிறது நீதானே? அப்புறம் என்ன?"

"'என்ன படிச்சிருக்கீங்க'ன்னு கேப்பாங்க. எட்டிப் பாத்தேன்னா சொல்றது?"

"சொல்லு. அது என்ன பொய்யா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். அதுதான் கொடுமை. இதுவரை வந்த மூன்று ஹெட்டுகளுக்கும் அவள்தான் வேலை சொல்லிக்கொடுத்தாள். மூன்று பேரும் பேர் வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் தேர்வுக் குழு ஐந்து பேர் எதிரில் உட்கார்ந்து, வாய் உலர்ந்து விழிப்பதை நினைத்தாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மனிதவளப் பிரிவில் சொல்லலாம்தான். ஆனால் அங்கே ஒருத்தருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். சத்தமில்லாமல் தானே சரிசெய்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

டிக்கெட் இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். தனக்குத் தானே டிக்கெட் போட்டுக்கொண்டாள். காரணம் என்ற இடத்தில் ரொம்ப நேரம் யோசித்து, 'பொது நலன்' என்று எழுதினாள்.

உள்ளே போய்ப் பார்த்தால் கோளாறு இரண்டு பேர் கையில் இருந்தது. ஒருவர் டேட்டாபேஸ்காரர், இன்னொருவர் சர்வர்காரர். ஏ.சி. ரிமோட் யாரிடம் இருப்பது என்ற தகராறில் இரண்டு பேரும் ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அவர் சரின்னா எனக்குச் சரி. ஆனா நான் கேக்கமாட்டேன்," என்றார் டேட்டாபேஸ்காரர்.

"அவரு கேக்கட்டும், சொல்றேன்," என்றார் சர்வர்காரர்.

"ரெண்டு பேரும் இப்படி வந்து உக்காருங்க. ரிமோட்ட என்கிட்ட குடுங்க. இனிமே அது என் டிராயர்லதான் இருக்கும்," என்றாள்.

கொடுத்துவிட்டார்கள். அவளுக்கே ஆச்சரியம்.

மூவரும் பதிவேட்டைத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பொத்தானை அறுபத்திரண்டு தடவை அமுக்கியிருப்பதாக அது காட்டியது. யார் என்று பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அடிப்பாவி, பதற்றத்தில் வீட்டிலிருந்தும் சேர்த்து இத்தனை தடவையா அமுக்கினோம் என்று நினைத்து, அந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்தணும்," என்றார் சர்வர்காரர். "எல்லாருக்கும் அறிவிப்பு அனுப்பாம முடியாது. போட்டது உங்க டிக்கெட். உங்க பேர்லதான் போகும்."

போயிற்று. எல்லாக் கிளைகளுக்கும், முதலாளிக்கும், அவள் பெயரோடு. மதியம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் சேவை இருக்காது, அதன்பின் திரும்பப் பெறும் பொத்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று. சத்தமில்லாமல் முடிக்க நினைத்த காரியத்துக்கு அவளே தண்டோரா போட்டுவிட்டாள்.

சொன்னபடி இரண்டு பத்துக்குப் பொத்தானுக்கு உயிர் வந்தது. அதற்குள் முதலாளியே கீழே இறங்கி வந்துவிட்டார்.

"உங்க அறிவிப்பப் பாத்தேன்மா. அந்த ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உக்கார வெச்சீங்களாமே! எப்படி?"

"ரிமோட்ட வாங்கிட்டேன் சார்."

அவர் சிரித்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, அங்கேயே காபி வரவழைத்துக் குடித்தார். அவர் எதிரிலா அமுக்குவது? அவள் நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் ஒன்று தோன்றியது. காலையிலிருந்து வேலையாக இருந்த நேரம் முழுக்க அந்தப் பயம் எட்டியே பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு அவர் எழுந்து போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

'இது பட்டியலில் எஞ்சியுள்ள கடைசி விண்ணப்பம். திரும்பப் பெற இயலாது.'

இந்தத் தடையும் அவள் கைவேலைதான். நாலு வருடம் முன்பு ஒரு பட்டியல் முழுக்கக் காலியாகிப்போனதற்குப் பிறகு அவள் எழுதி வைத்தது. சரி, கடைசி என்றால்? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வாசலில் மனிதவளப் பிரிவு அக்கா ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நீ ஒருத்திதான். வந்துடு."

"மத்தவங்கல்லாம் எங்கக்கா? அவ்ளோ படிச்சவங்க..."

அக்கா காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"படிச்சவங்கதான், யாரு இல்லேன்னா? வெள்ளிக்கிழமையிலேர்ந்து பதினொரு பேரும் நேர்முகத் தேர்வுக்குப் பயந்துபோய் அந்தப் பொத்தான அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, வேலை செய்யலன்னு என் உயிர எடுத்துட்டாங்க. இன்னிக்கு ரெண்டு பத்துக்கு அது சரியானதும் அத்தனை பேரும் விலகிட்டாங்க. அதச் சரிபண்ணணும்னு தோணினது உனக்கு மட்டுந்தாம்மா."