சென்ட் மணத்த ஃபியூஸ் பெட்டி

புது மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அதை ஏற்படுத்திய மகராசன் யாரோ, நான் கார் ரிப்பேர் செய்ததைப் பார்த்திருந்தால் அன்றைக்கே ரத்து செய்திருப்பார்.

காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கடைசி வருடங்கள் அவை. சைகோனிலிருந்து திரும்பி, நிக்காஹ் முடித்து, வழக்கப்படி பெண் வீட்டிலேயே தங்கியிருந்தேன். சைகோனில் நான் பார்த்தது ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற வேலை. ஊர் திரும்பியவன் அதையா சொல்லிக்கொள்வான்? கார் கம்பெனியில் இருந்ததாக ஒரு வார்த்தை விட்டுவைத்தேன். (ஒரு வார்த்தைதான். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது.)

மாமனாரிடம் போருக்கு முந்திய பிரெஞ்சு கார் ஒன்று இருந்தது. "மாப்ள, இதை மாயவரத்துக்கு வாடகைக்கு ஓட்டுங்க. சரியா வந்துச்சுன்னா சைகோனுக்குத் திரும்பப் போக வேணாம்" என்றார்.

என் மனைவி சபுரா அதைக் கேட்டதும் அழுதே விட்டாள். "கப்பல் ஏறுனா எப்ப வருவீங்கன்னு யாருக்குத் தெரியும் மச்சான்? எப்படியாச்சும் இந்தக் காரைப் புடிச்சுக்குங்க." எனக்கும் அவளை விட்டுப் போக அறவே மனமில்லை.

கோளாறு டேஷ்போர்டில். விளக்கு இஷ்டப்பட்டால் எரியும். ஆம்பியர் முள் செத்துக் கிடந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடவா என்று மாமா கேட்டபோது நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"என்ன மாமா, சைகோன்ல நான் பாக்காத காரா?"

மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். ஒரு காலத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக இருந்த ஒயர்கள் எல்லாம் ஒரே அழுக்கு நிறமாகியிருந்தன. எது எங்கே போகிறது என்று ஒரு இழவும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் முடியாது. கையை விட்டுத் துழாவியதில் துணி சுற்றிய தகர டப்பா ஒன்று அகப்பட்டது. சரி, ஃபியூஸ் பெட்டி. துணி சுற்றி வைத்தால் கரண்ட் எப்படிப் போகும்? துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, அநாதையாகத் தொங்கிய ஒயர்களையெல்லாம் சுரண்டி அந்த டப்பாவில் சுற்றி இறுக்கினேன்.

அது, மாயவரத்தில் இருக்கும் தங்கை மகளுக்காக மாமி ஒளித்து வைத்திருந்த பிரெஞ்சு சென்ட் டப்பா. எல்லையோரப் பூவம் தாண்டினால் இந்தியா. சுங்கச் சோதனையில் கண்ணில் பட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஆனால் மாமியார் மாப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுவதில்லை. கடத்தல் சமாச்சாரம் மாப்பிள்ளை காதுக்குப் போனால் வெட்கம் என்று மகள் வாயையும் அடைத்து வைத்திருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று பதறியபடி, என்னை அங்கிருந்து கிளப்ப ஆனமட்டும் பார்த்தார். சபுராதான் தூது.

"உம்மா இறால் வாடா சுட்டிருக்காங்க. வந்து சாப்புடுவீங்களாம்."

"இங்கேயே கொண்டா."

"உள்ளாற ஒக்காந்து சாப்புடணுமாம் மச்சான்."

"நடுவுல எந்திரிக்கக் கூடாது சபுரா. கரண்ட் விஷயம்."

இறால் பதித்துச் சுட்ட அந்த அரிசிமாவு வாடாவைத் தின்றுகொண்டே வேலையை முடித்தேன். சாவியைப் போட்டதும் விளக்கு எரிந்தது, முள்ளும் துள்ளியது. ஹாரனை மட்டும் அடித்துப் பார்க்கவில்லை. (பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. எனக்கு இளகிய மனசு.) மாமா என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மாமா முன்னால், மாமியும் சபுராவும் பின்னால். பூவம் கடந்து, இந்தியச் சாவடியின் தடுப்புக் கட்டைக்கு முன் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தேன். உள்ளே டப்பா நகர்ந்து காரின் இரும்பில் முட்டியிருக்க வேண்டும். ஹாரன் அலற ஆரம்பித்தது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன், நான் அடிக்கவில்லை என்று. அது நிற்கவில்லை. அப்புறம் டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி கமகமவென்று ஒரு புகை.

அதிகாரி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டு, டப்பாவை ஒயரோடு பிடுங்கினார். சத்தம் நின்றது.

"என்னய்யா இது?"

"ஃபியூஸ் பெட்டி சார்."

முகர்ந்து பார்த்தார். "ஃபியூஸ் பெட்டி மணக்குமா?"

"பிரெஞ்சு கார் சார். அவங்க எல்லாத்துலயும் வாசனை போடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "உண்மையச் சொல்லு. பொம்பளைங்க கொண்டாந்ததா?"

பட்ட பாட்டின் பெருமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பேனா? "அவங்களுக்கு இதப் பத்தி என்ன சார் தெரியும்? என்னுதுதான். என் கையால மாட்டுனது."

டப்பாவைப் பறிமுதல் செய்தார்கள். என்னைச் சாயங்காலம் அசர் தொழுகை நேரம்வரை சாவடிக்குள் உட்காரவைத்து, எச்சரித்து அனுப்பினார்கள். வெளியே வந்தால், மாமி நேராக என் முன்னால் வந்து நின்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கல்யாணமானதிலிருந்து என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நான் ஒளிச்சு வச்ச சாமானுக்கு நீங்க பழிய ஏத்துக்கிட்டீங்க மாப்ள. என் மானத்தக் காப்பாத்துன புள்ளைய நான் சைகோனுக்கு அனுப்ப மாட்டேன்."

பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் இன்றுவரை நான் தியாகி.

"அது கெடக்கட்டும் மாமி" என்றேன். "ஃபியூஸ் பெட்டியப் புடுங்கிட்டாங்களே, கார் எப்படி வீடு போய்ச் சேரும்?"

மாமி என்னைப் பார்த்தார். சபுரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மட்டும் மரியாதை குறையாமல், "சாவியக் கொடுங்க மாப்ள" என்று கையை நீட்டினார். டப்பா இல்லாமலேயே கார் நன்றாக ஓடியது.

மாமி சொன்ன சொல்லை மாற்றவில்லை. நான் கப்பல் ஏறவில்லை. காரும் என் கைக்கு வரவில்லை. மாமி கதவுக்குப் பின்னால் நிற்பதையும் அன்றோடு விட்டுவிட்டார். நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்க அதுதானே வசதி.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குள் யாராவது சென்ட் பூசிக்கொண்டு நுழைந்தால் போதும், அடுப்படியிலிருந்து சபுராவின் குரல் வரும்: "அங்க யாரு, காரை ரிப்பேர் பாக்குறது?"