இன்னொரு ரவுண்டு போலாம்

நடப்பவர்களில் பல வகை உண்டு. டாக்டருக்குப் பயந்து நடப்பவர்கள் உண்டு, பஸ் வராததால் நடப்பவர்கள் உண்டு, தைப்பூசத்துக்குப் பால்குடம் ஏந்திக் கல்லுமலைக் கோயில் வரைக்கும் நடப்பவர்கள் உண்டு. இவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது. நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வந்தது வேறொரு பிறவியை. செய்வதற்கு வேறெதுவும் இல்லாமல் நடக்கத் தொடங்கி, நடந்து நடந்து நடையே கசந்துபோய், கசந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் நாளைக்கும் நடக்கப் போகிறவர். சலித்துப்போன நடையாளர். உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். வெயில் தாழ்ந்ததும் உங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இந்த லோங்காங் ஏன் அடைச்சிக்கிட்டுக் கிடக்கு?” என்று உங்கள் வீட்டுச் சாக்கடையைப் பற்றி உங்களையே விசாரிக்கிறாரே, அவர்தான்.

மாதிரிக்கு நம் சன்னாசியை எடுத்துக்கொள்வோம். ஈப்போவில் புந்தோங்கைத் தாண்டி, ஒரு காலத்தில் கித்தா என்கிற ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் வரிசையாக வீடு கட்டி விற்றார்களே, அந்தத் தாமானில் குடியிருக்கிறார். இள வயதில் தோட்டத்தில் மண்டோர். அதாவது, பால் வெட்டுகிறவர்களுக்குப் பின்னால் நிரை நிரையாக நடந்து, கோடு சரியாக இழுத்திருக்கிறதா, மரத்தில் காயம் பட்டிருக்கிறதா, பால் பிடிக்கும் மங்கு கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சத்தம் போடும் உத்தியோகம். தோட்டம் கைமாறிய பிறகு ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கேயும் நடந்து சத்தம் போடுவதுதான் வேலை. பிறகு ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சத்தம் போட ஆளில்லாத வாழ்க்கை அன்றைக்குத் தொடங்கியது.

பொழுதுபோக்குக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். இருந்ததுதான், ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. தாமான் பொழுதுபோக்கு மன்றத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். கூரை ஒழுகுகிறது என்று மன்றத்தை மூடினார்கள், யார் கூரையைச் செப்பனிடுவது என்று செயலவை இரண்டாக உடைந்தது, கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். குட்டையைச் சுற்றி வேலி போட்டு, ஏரிக்கரை மாளிகைகள் வரப்போவதாகப் பலகை நட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் குளிர்ந்த பீர் என்று வைத்திருந்தார். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், அத்தோடு அதுவும் போயிற்று. தொலைக்காட்சி மனைவி குமுதாவின் நாடகங்களுக்கு உரியது. இடையில் வரும் விளம்பரங்களை மட்டும் அவர் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் கைப்பேசி. விடியற்காலையிலேயே குடும்ப வாட்சாப் குழுவில் பூங்கொத்தும் பொன்மொழியும் மூலிகை வைத்தியமும் அனுப்பி எல்லாரையும் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தவரை, மகன் தீபன் ஒரு நாள் குழுவிலிருந்தே நீக்கிவிட்டான். கைதவறி நடந்துவிட்டது என்றான். இன்றுவரை அந்தக் கை சரியாகவில்லை.

“நடங்கப்பா, உடம்புக்கு நல்லது,” என்று சொன்னவனும் அதே தீபன்தான்.

முதல் சில வாரங்கள் சன்னாசியைப் பிடிக்க முடியவில்லை. புதிதாக மதம் மாறியவரைப் போலப் பேசினார். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் நடையின் மகிமையைச் சொன்னார். சாவு வீட்டில், இறந்தவர் மட்டும் தினமும் நடந்திருந்தால் என்று தொடங்கி, அழுதுகொண்டிருந்தவர்களே நிமிர்ந்து முறைக்கும்படி செய்தார். இரண்டு வீடு தள்ளியிருந்த சின்னையாவைப் பேசிப் பேசியே தெருவில் இறக்கிவிட்டார். சின்னையா ஓய்வு பெற்ற லோரி டிரைவர், வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தே சம்பாதித்த மனிதர். எதைச் சொன்னாலும் “ஆமாண்ணே” என்பார். நடைக்குத் துணையாக வர இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

பிறகு வந்தது சலிப்பு. வராமல் என்ன செய்யும்? வீட்டிலிருந்து மாரியம்மன் கோயில் திருப்பம், அங்கிருந்து சீனன் ஒட்டுக்கடை, அங்கிருந்து மூடிக் கிடக்கும் மன்றம், பிறகு மறுபடி வீடு. அதே வேலி, அதே பப்பாளி மரம், தூரத்தில் அதே கிளேடாங் மலை. மலையாவது கொஞ்சம் நகர்ந்து நிற்கக் கூடாதா என்று ஒரு நாள் சின்னையாவிடம் கேட்டார். “ஆமாண்ணே,” என்றார் சின்னையா. முன்பெல்லாம் முனை வீட்டு நாய் அவரைக் கண்டதும் சங்கிலியை அறுத்துக்கொண்டு குரைக்கும். இப்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து, இவர்தானா என்று மூடிக்கொள்கிறது. ஒரு நாய்கூடப் பொருட்படுத்தாத மனிதராகத் தாம் ஆகிவிட்டதை நினைத்துச் சன்னாசிக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

அந்தத் துக்கத்தில்தான் பழைய உத்தியோகம் தலையெடுத்தது. வீட்டு வரிசைகள் அவர் கண்ணுக்கு நிரைகளாகத் தெரியத் தொடங்கின. யார் வீட்டுக் கேட்டில் துரு பிடித்திருக்கிறது, யார் காடியை ரோட்டில் நீட்டி நிறுத்தியிருக்கிறார்கள், யார் வீட்டு முருங்கை அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது, எல்லாவற்றையும் நின்று, பார்த்து, தலையசைத்து, சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். ஒரு நாள் அதே தெருவில் குடியிருக்கும் தினேஸ்வரி வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தண்ணீர் இப்படித் தேங்கி நின்றால் ஊருக்கே டெங்கி வரும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார். தினேஸ்வரி பொறுமையாகக் கேட்டாள்.

“அண்ணே, அது லோங்காங் இல்ல. பிள்ளைங்களுக்கு மீன் வளக்கிற தொட்டி லா.”

“மீனு எங்க காணோம்?”

“நீங்க சத்தம் போட்டதுல அடியில போயி ஒளிஞ்சிருச்சு.”

அதற்குப் பிறகு அவர் வரும் நேரம் பார்த்துத் தெருவில் கேட்டுகள் சாத்திக்கொண்டன. துணி எடுக்க வந்தவர்கள் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். சன்னாசி அலுத்துப்போய் ஒரு முடிவுக்கு வந்தார். இனி நடையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சாயங்காலமானால் கூடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, குமுதா போடுகிற தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, சொந்த வீட்டில் சொந்த மனைவியோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஒரு மனிதன் கேட்பதற்கு இதுவும் ஒரு பெரிய ஆசையா?

“நாளையிலேருந்து நான் நடக்கப் போறதில்ல,” என்று இரவுச் சாப்பாட்டில் அறிவித்தார்.

குமுதாவின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. “என்னங்க இப்படிச் சொல்றீங்க? இனிப்பு நீரு ஏறிப் போச்சுன்னா யாரு பாக்கிறது? உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?” என்று கண்ணைத் துடைத்தாள். வாரக் கணக்கில் அப்பாவின் அழைப்பை எடுக்காத தீபன், மறுநாள் வேலை முடிந்து நேரே ஈப்போ டவுனுக்குப் போய், உயர்ந்த ரகச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி வந்து காலடியில் வைத்தான். சன்னாசி சப்பாத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் குடும்பத்துக்குத் தன் மேல் இத்தனை பாசமா! அந்தப் பாசத்துக்காகவே மேலும் சில வாரங்கள் நடந்தார். மழை பிடித்த நாளிலும் குமுதா குடையை விரித்தே கையில் கொடுத்து, “தூறல்தாங்க, பாத்துப் போங்க,” என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள். வேறு எந்தப் பெண் இப்படிப் பார்த்துக்கொள்வாள்?

ஆனால் பாசத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. புதுச் சப்பாத்து கடித்த குதிகாலுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. ஒரு நாள் கோயில் திருப்பத்தில் சன்னாசி நின்றுவிட்டார்.

“சின்னையா, நான் வீட்டுக்குப் போறேன்.”

எப்போதும் “ஆமாண்ணே” என்கிறவர் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. “இப்பவேவா?” என்று பதறினார். “வேணாண்ணே. இன்னொரு ரவுண்டு போலாம். வாங்க, மெதுவா போலாம்.”

சன்னாசி கேட்கவில்லை. முன்வாசல் வழியாகப் போனால் குமுதா கவலைப்படுவாள், கேள்வி கேட்பாள், மறுபடியும் அழுவாள் என்று எண்ணிச் சந்து வழியாகப் பின்பக்கம் வந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவில் கை வைத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம்.

கதவிடுக்கில் கூடம் தெரிந்தது. தொலைக்காட்சி அணைந்து கிடந்தது. அவருடைய சாய்வு நாற்காலியில் சின்னையாவின் மனைவி கலாதேவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கீழே பாயில் தினேஸ்வரி. நடுவில் ஒரு தட்டு நிறைய சூடான பீசாங் கோரெங், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம். இவர்கள் இருவருக்கும் முன்னால், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி, அவருடைய குமுதா நடந்துகொண்டிருந்தாள். இரண்டடி வைத்தாள். நின்றாள். கலாதேவியின் கோப்பையை எட்டிப் பார்த்து, தலையை மெல்ல அசைத்தாள்.

“இந்தத் தேத்தண்ணி ஏன் தேங்கி நிக்குது? யாரு வெட்டு இது? கூப்பிடு அவன!”

தினேஸ்வரி பாயில் உருண்டாள். “அக்கா, போதும்கா, வயிறு வலிக்குது!” என்று கெஞ்சினாள். குமுதாவும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சன்னாசிக்கு முதலில் வந்தது கோபம். அடுத்து வந்தது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், ஒரு வியப்பு. அச்சு அசலாக அவரேதான். அந்த இரண்டடிக்குப் பிறகு நிற்கும் நிற்பு யாருக்கும் வராது. இத்தனை வருஷம் கூடவே இருந்து பார்த்தவளுக்குத்தான் வரும். அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

கதவைத் தள்ளினால் போதும். நாற்காலி அவருடையது, வீடு அவருடையது, தேத்தண்ணியும் கிடைக்கும். சிரிப்பு மட்டும் நின்றுவிடும். அது அவருக்கு நன்றாகவே தெரியும். தோட்டத்தில் இவர் தலை நிரை முனையில் தெரிந்தால் போதும், அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த வெட்டுக்காரர்கள் கப்சிப் என்று ஆகிவிடுவார்கள். அதைத் தமக்குக் கிடைத்த மரியாதை என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். இப்போது கதவுக்கு வெளியே, கையில் சப்பாத்தோடு நிற்கும்போது, அது வேறு என்னவோ என்று பட்டது.

“மணி என்னாச்சுடி?” என்று உள்ளே கலாதேவி கேட்டாள்.

“இன்னும் நேரம் இருக்கு லா. இப்பதான் மன்றத்துக்கிட்ட போயிருப்பாரு. அங்க நின்னு கூரையத் திட்டிட்டுத்தான் வருவாரு,” என்றாள் குமுதா.

சன்னாசி கதவிலிருந்து கையை எடுத்தார். சந்தில் குனிந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டார். வந்த வழியே, சத்தமில்லாமல், திரும்பினார்.

கோயில் திருப்பத்தில் சின்னையா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“வீட்டுக்குப் போனீங்களாண்ணே?”

“போனேன்.”

“பின்கதவு வழியாவா?”

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“நானும் அப்படித்தான் போனேன், போன தீபாவளிக்கு முன்னாடி. அன்னிக்கி எங்க வீட்டுல கூட்டம். கலா என்னைய மாதிரி கொறட்டை விட்டுக் காட்டுனா. லோரி ஸ்டார்ட் ஆகாத மாதிரியே இருந்துச்சு. குமுதாக்கா சிரிச்சிச் சிரிச்சி எந்திரிக்க முடியாம போச்சு.”

சன்னாசி அவரையே பார்த்தார். “அப்பவே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நீங்க நடக்கிறத நிப்பாட்டிருவீங்க லா. அப்புறம் நான் யாரோட நடக்கிறது?”

இருவரும் ஒட்டுக்கடைப் பக்கம் நடந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எந்த வீட்டுக் கேட்டையும் பார்க்கவில்லை.

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. சன்னாசிக்கு நடை இப்போதும் பிடிக்காது. வெயிலைத் திட்டுகிறார், மலையைத் திட்டுகிறார், சப்பாத்துக் கடைக்காரனைத் திட்டுகிறார். ஆனாலும் ஒரு நாள் தவறுவதில்லை. ஒன்று மட்டும் புதிது. திரும்பி வரும்போது நாலு வீட்டுக்கு முன்பே தொண்டையைச் செருமிக்கொண்டு, கனைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு வருகிறார். வெட்டுக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கச் சருகு நொறுங்காமல் நடந்த மனிதர், உள்ளே இருப்பவர்கள் தட்டைக் கழுவி, பாயைச் சுருட்டி, நாற்காலியை நிமிர்த்தி வைக்க அவகாசம் கொடுத்து, தெருவே கேட்கும்படி இருமுகிறார். இருமல் மருந்து வாங்கித் தரவா என்று தீபன் கேட்டானாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்து பாருங்கள். வழக்கமாக நீங்கள் வெளியே கிளம்பும் நேரத்தில், கிளம்பாமல், “இன்னைக்கு நான் எங்கேயும் போகல, வீட்லதான் இருக்கப் போறேன்,” என்று சும்மா சொல்லிப் பாருங்கள். “நல்லதாப் போச்சு” என்று உடனே பதில் வந்தால் நீங்கள் பாக்கியசாலி, இந்தக் கட்டுரை உங்களைப் பற்றியது அல்ல. பதிலுக்குப் பதிலாக ஒரு சிறு அமைதி விழுந்து, உள்ளே யாரோ ஒருவர் அவசரமாகக் கைப்பேசியை எடுத்து யாருக்கோ ஒரு வரி தட்டிவிட்டு, பிறகு உங்கள் உடல்நலத்தைப் பற்றி மிகுந்த அக்கறையோடு விசாரித்தால், வாதாட வேண்டாம். எழுந்து வெளியே வாருங்கள். சன்னாசியும் சின்னையாவும் இந்நேரம் கோயில் திருப்பத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். மெதுவாகத்தான் நடப்பார்கள், பிடித்துவிடலாம்.